பைத்தான் நிரலைச் செயலியாக்குதல்: முதலில் கோப்புறை, பிறகு ஒற்றைக் கோப்பு

வணக்கம் நண்பர்களே. நீங்கள் எழுதிய பைத்தான் நிரலை, பைத்தானே நிறுவப்படாத விண்டோஸ் கணினியிலும் டபுள் கிளிக் செய்தவுடன் திறக்கும் செயலியாக மாற்றுவது எப்படி என்பதை, பைஇன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியைக் கொண்டு இன்று பார்க்கலாம்.

இந்தக் கருவி உங்கள் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றுவதில்லை. நிரலில் உள்ள இம்போர்ட் வரிகளைப் பின்தொடர்ந்து, அது கேட்கும் லைப்ரரிகளையும் பைத்தான் நிரலை இயக்கும் இன்டர்பிரெட்டரையும் திரட்டி, நிரலுடன் சேர்த்துக் கட்டுகிறது. மூன்றே வரி நிரல்கூடப் பல மெகாபைட் அளவுக்கு வீங்குவது இதனால்தான். விண்டோஸுக்கான செயலியை விண்டோஸிலும், மேக்குக்கானதை மேக்கிலும்தான் உருவாக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். தேவையற்ற லைப்ரரிகள் உள்ளே நுழையாதிருக்க, தனியாக ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (இந்த நிரலுக்கு வேண்டிய லைப்ரரிகளை மட்டும் வைத்துக்கொள்ளும் தனிச் சூழல்) அமைத்து, அதில் பைஇன்ஸ்டாலரை நிறுவிக்கொள்ளுங்கள்.

டெர்மினலில் பைஇன்ஸ்டாலர் என்ற கட்டளைக்குப் பின் உங்கள் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். டிஸ்ட் என்ற கோப்புறைக்குள் உங்கள் நிரலின் பெயரில் இன்னொரு கோப்புறை உருவாகும். 6-ஆம் பதிப்பு முதல், அதற்குள் இஎக்ஸ்இ கோப்பும் இன்டர்னல் என்ற துணைக் கோப்புறையும் இருக்கும். இஎக்ஸ்இயை மட்டும் பிரித்தெடுத்து அனுப்பினால் அது இயங்காது. முழுக் கோப்புறையையும் ஜிப் செய்து அனுப்புங்கள்.

அதே கட்டளையில் ஒன்ஃபைல் என்ற தேர்வைச் சேர்த்தால் எல்லாம் ஒரே கோப்பாகிவிடும். தொடக்கநிலையில் பலரும் இதைத்தான் விரும்புகிறார்கள்; ஆனால் அதில் தொடங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அந்த ஒற்றைக் கோப்பு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தன்னிடமுள்ள அனைத்தையும் ஒரு தற்காலிகக் கோப்புறையில் விரித்துவிட்டுத்தான் இயங்குகிறது, மூடும்போது அந்தக் கோப்புறையை அழித்துவிடுகிறது. ஆகவே திறக்கத் தாமதமாகும் என்பதோடு, நிரல் தன் பக்கத்திலேயே எழுதுவதாக எண்ணி அங்கே சேமிக்கும் பயனரின் தரவும் சேர்ந்தே அழிந்துபோகும். பயனரின் தரவை எப்போதும் அவருடைய ஆப்டேட்டா (செயலிகளின் தரவுக்காக ஒவ்வொரு பயனருக்கும் விண்டோஸ் வைத்திருக்கும் கோப்புறை) போன்ற இடத்தில் சேமியுங்கள். படங்களையும் ஐகான்களையும் ஆட்-டேட்டா என்ற தேர்வின் மூலம் சேர்த்து, அவற்றின் பாதையை நிரல் கோப்பின் இருப்பிடத்திலிருந்து கணக்கிடுங்கள். டெர்மினல் நிற்கும் கோப்புறையை நம்பி எழுதிய பாதை, குறுக்குவழியிலிருந்து திறந்தால் தவறிவிடலாம்.

கறுப்புக் கன்சோல் சாளரத்தை மறைக்கும் விண்டோட் தேர்வைக் கடைசியில் சேருங்கள். பிழைச் செய்திகள் அந்தச் சாளரத்தில்தான் தெரியும்; அதை முன்பே மூடிவிட்டால், எந்த மாட்யூல் விடுபட்டது என்பதைக் கண்டுபிடிப்பது கடினம். பெயரை இயங்கும்போது முடிவுசெய்து அழைக்கப்படும் மாட்யூல்கள் பைஇன்ஸ்டாலரின் கண்ணில் படாமல் போகலாம். அவற்றை ஹிடன்-இம்போர்ட் தேர்வில் நீங்களே குறிப்பிட வேண்டும்.

டிஜிட்டல் கையொப்பமிடாத செயலியை இணையத்தில் தரவிறக்கித் திறப்பவருக்கு, விண்டோஸின் பாதுகாப்பு வசதியான ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கை காட்டக்கூடும். ஒற்றைக் கோப்பாகக் கட்டியவற்றைச் சில ஆன்டிவைரஸ்கள் தவறாகச் சந்தேகிப்பதும் உண்டு. அதற்காக, ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், அது அவர்களுடைய பாதுகாப்பு. பரவலாக வெளியிடப் போகிறீர்கள் என்றால் செயலியில் அந்தக் கையொப்பத்தை இட உதவும் கோட் சைனிங் சான்றிதழ் பெறுவதே முறையான வழி. நண்பருக்கு மட்டும் கொடுப்பதானால், பைத்தான் இல்லாத ஒரு கணினியில் கோப்புறை வடிவத்தை முதலில் இயக்கிப் பாருங்கள். அது சரியாக இயங்கிய பிறகு, விருப்பமிருந்தால் ஒன்ஃபைலுக்குச் செல்லுங்கள்.