நல்ல தண்ணீர்க் கணக்கு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் குடும்பத்தின் கான்கிரீட் தொழில் வளர்ந்த கதையைப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். தாத்தா தொடங்கினார், அப்பாவும் சித்தப்பாவும் பெருக்கினார்கள், இப்போது நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். ராமநாதபுரத்துக்கும் கடலுக்கும் இடையில் எங்கள் ஆலை இருக்கிறது. அங்கே தயாராகும் கலவை, சுழலும் லாரிகளில் ஏறிக் கிழக்கே ராமேஸ்வரம் தீவுக்கும் தெற்கே கீழக்கரை, ஏர்வாடிக்கும் போகிறது. எத்தனை லாரி, எத்தனை ஆள் என்று நான் அடுக்கினால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. எங்களை வளர்த்தது எது என்று கேட்டால் தண்ணீர் என்றுதான் சொல்வேன். அதைப் பற்றியே பேசுகிறேன்.

தாத்தா கிணற்று உறை வார்த்தவர். நம் கரையோர மணலில் கிணறு தோண்டினால் தோண்டத் தோண்டப் பக்கம் சரியும். உறையை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கினால்தான் கிணறு நிற்கும். அவரிடம் இரும்பு அச்சு ஒரு ஜோடி இருந்தது, உள்ளச்சு ஒன்று, வெளியச்சு ஒன்று. இரண்டுக்கும் நடுவே கலவையைப் போட்டு, கம்பியால் குத்திக் குத்தி இறுக்குவார். மறுநாள் அச்சைக் கழற்றியதும் அப்பத்தாவின் வேலை தொடங்கும். உறையைச் சுற்றி ஈரச் சாக்கு போர்த்தி, காலையிலும் மாலையிலும் பத்து நாளைக்குத் தண்ணீர் ஊற்றுவார். அந்தத் தண்ணீர், அவர் ஒரு மைல் நடந்து ஊற்றில் இறைத்துத் தலையில் சுமந்து வந்த குடிதண்ணீர். "குடிக்கிற தண்ணீரைச் சிமெண்டுக்குக் கொட்டுகிறாயே" என்று அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கிறார்கள். வீட்டு வாசலில் இருந்த கிணறு உப்பு. அந்த உப்புத் தண்ணீரை அப்பத்தா ஒருநாளும் உறைக்குத் தொட்டதில்லை. ஏன் என்று அவருக்கு விளக்கத் தெரியாது. தாத்தா சொல்லியிருந்தார், அவர் செய்தார்.

தாத்தாவுக்குத் தெரிந்தது மணலுக்கு அடியில் இருந்த தண்ணீர். தனுஷ்கோடிப் பக்கம் பெண்கள் கடலுக்குப் பத்தடி தள்ளி மணலைக் கையால் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழை நீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் அது ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள். மோட்டாரைப் போட்டு மேலே ஓரடியைக் குறைத்தால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு 40 அடி மேலேறி வரும். தாத்தா வாளியில் இறைத்த காலத்தில் நல்ல தண்ணீராக இருந்த ஊற்றுகள் எத்தனையோ இன்று வாயில் வைக்க முடியாதபடி கரிப்பதற்கு இதுதான் காரணம்.

அப்பா காலத்தில் வெளிநாட்டுப் பணம் ஊருக்குள் வந்தது. துபாய்க்கும் சவூதிக்கும் மலேசியாவுக்கும் போனவர்கள் ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போட்டார்கள். அப்பாவும் சித்தப்பாவும் கலவை இயந்திரம் ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டார்கள். பிறகு ஜல்லி, மணல், சிமெண்ட், ஆள் எல்லாவற்றையும் தாங்களே கொண்டுபோய்த் தளம் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு இயந்திரம் மூன்றானது, ஒரு லாரியும் சேர்ந்தது. வேகம் கூடியபோதுதான் தாத்தாவின் வழக்கம் கைநழுவியது. நூறு மூட்டை சிமெண்ட் போகிற தளத்துக்கு நல்ல தண்ணீர் எங்கே போய்ச் சுமப்பது? வீட்டுக்காரரின் போர் தண்ணீரையே இயந்திரத்தில் ஊற்றினார்கள். இந்தக் கரையில் அன்று எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஆனாலும் தவறு எங்களுடையது.

அப்படிப் போட்ட தளங்களில் ஒன்று ஆறாவது மழைக்காலத்தில் பேசிற்று. கடலோர ஊர், கணவர் வளைகுடாவில், மனைவி பிள்ளைகளோடு தனியாக இருந்த வீடு. சமையலறைக் கூரையிலிருந்து கைப்பிடி அகலத்துக்கு ஒரு பத்தை பெயர்ந்து ஆட்டுக்கல் மேல் விழுந்தது. நல்லவேளை, அங்கே அப்போது யாரும் இல்லை. அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. மேசை மேல் ஏறி நின்று, வெளியே தெரிந்த கம்பியை நகத்தால் சுரண்டினார். அது அடுக்கடுக்காக, காய்ந்த வெங்காயச் சருகு போல உதிர்ந்தது. உள்ளே மிஞ்சியிருந்த இரும்பு பென்சில் கனம்கூட இல்லை. கம்பி போன வழியெல்லாம் கூரையில் பழுப்புக் கோடு ஓடியிருந்தது. அப்பா இறங்கி வந்து நெடுநேரம் பேசவில்லை.

பின்னாளில் கட்டுமானப் பொறியியல் படித்தபோது நான் புரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன். சிமெண்ட் கெட்டியாகும்போது உள்ளே காரத்தன்மை மிகும். அந்தக் காரம் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய தோலைப் போர்த்தித் துருவிலிருந்து காக்கிறது. உப்பிலிருக்கும் குளோரைடு அந்தத் தோலைக் கிழிக்கிறது. இரும்பு துருவானால், முன்பு இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். உள்ளிருந்தே முட்டிக் கான்கிரீட்டைப் பிளக்கும். கலவையில் உப்பை ஊற்றுகிறவன் பகையை நடுவீட்டில் குடியேற்றிவிட்டுச் சுவர் எழுப்புகிறான்.

தனுஷ்கோடிக்குப் போகிறவர்கள் அந்த இடிந்த தேவாலயத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். 1964 டிசம்பர் புயல் ஊரையே அழித்தது, கூரை போயிற்று, ஆனால் பவளப் பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள் அறுபது ஆண்டு உப்புக் காற்றைத் தாங்கி இன்னும் நிற்கின்றன. அந்தச் சுவர்களுக்குள் கம்பி இல்லை. அந்தக் கல்லை நாம் இனித் தொடக்கூடாது, தொடவும் வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. பவளத்தை வெட்டி வெட்டியே நாம் இந்தக் கரைக்குச் செய்த கேடு போதும். நமக்கு இனிச் சிமெண்டும் கம்பியும்தான். அப்படியானால் கம்பியைக் காப்பாற்றத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பா அந்தத் தளத்தை இடித்துத் தம் செலவில் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அதற்காக லாரியை விற்றார். சித்தப்பாவுக்கு மனம் ஒப்பவில்லை. "இதை ஒருவருக்குச் செய்தால் நாளைக்கு ஊரே வரிசையில் நிற்கும்" என்றார். இரண்டு மாதம் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை, சாப்பாட்டுப் பந்தியிலும் தள்ளித்தான் உட்கார்ந்தார்கள். ஊர் வரிசையில் நிற்கத்தான் செய்தது, ஆனால் இழப்பீடு கேட்டு வரவில்லை. புது வீடு கட்டுகிறவர்கள் வந்தார்கள். தளத்தை இடித்துப் போட்டவர் கையால்தான் எங்கள் வீட்டுத் தளம் வேண்டும் என்றார்கள். சித்தப்பாதான் முதல் ஆளாகத் தண்ணீர் லாரிக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தார். எங்கள் வளர்ச்சி என்று ஒன்று தொடங்கியது அங்கேதான் என்று நான் நம்புகிறேன்.

ஆலை வந்தது என் காலத்தில். வங்கிக் கடன், உரிமம், ஜல்லிக்கும் எம் சாண்டுக்கும் மதுரைப் பக்கம் அலைந்தது எல்லாம் தொழில் செய்கிறவர்கள் அறிந்ததுதான், விட்டுவிடுகிறேன். எம் சாண்ட் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மலைக்கல்லை உடைத்த தூள் என்பதால் அதில் கடல் உப்பு கிடையாது. கடற்கரை மணலை இரவோடு இரவாக அள்ளிக் கட்டுகிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஒரு கன மீட்டர் கலவைக்கு ஏறத்தாழ 170 லிட்டர் தண்ணீர். ஒரு லாரி 6 கன மீட்டர் ஏற்றும், ஆக லாரிக்கு ஆயிரம் லிட்டர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு விடும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. எங்கள் போர் தண்ணீர் அதைத் தாண்டும். ஆகவே வாங்குகிறோம், மழைக்காலத்தில் கொட்டகைக் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடிக்கிறோம். மாதச் செலவில் பிறர் பார்த்து வியக்கும் தொகை தண்ணீருக்குப் போகிறது. அதைக் குறைக்கும் யோசனையோடு யார் வந்தாலும் தம்பி அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவான்.

அதே விதி இன்னொன்றும் சொல்கிறது. கடற்காற்று நேரே படுகிற கட்டடத்துக்குக் கலவை குறைந்தது எம் 30 என்ற வலிமைத் தரம், கம்பிக்கு வெளியே கான்கிரீட் 45 மில்லிமீட்டர். உள்நாட்டில் பழகிய கொத்தனார்கள், அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் கட்டையை 20 மில்லிமீட்டரில் கொண்டுவந்து நிற்பார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் கவர் கட்டையைப் பெரிதாக வைக்க என்ன செலவு?

கலவை ஆலையில் ஏறியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும். நாங்கள் எந்த ஊர் வரைக்கும் போகலாம் என்பதை அந்தக் கடிகாரமே முடிவு செய்கிறது. வெயிலில் கலவை இறுகத் தொடங்கும். அப்போது மேலே நிற்கிறவர்கள், "தண்ணீர் விடு தம்பி, இழுக்க வரவில்லை" என்பார்கள். கண்ட தண்ணீரையும் கண்ட அளவுக்கு ஊற்றினால் ஆலையில் பார்த்துப் பார்த்துச் செய்தது அத்தனையும் போயிற்று. தங்கச்சிமடத்தில் ஒருமுறை கொத்தனார் வாளியோடு லாரியில் ஏறிவிட்டார். எங்கள் ஓட்டுநர் அண்ணன் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "அண்ணே, நீங்கள் ஊற்றினால் நான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறேன், இந்தக் கலவையின் நட்டம் என் முதலாளியோடு போகட்டும்" என்றார். கொத்தனார் இறங்கிவிட்டார். அதன்பின் வெயில் நாளில் தளம் என்றால் விடிகாலை மூன்று மணிக்கே வண்டி கிளம்புகிறது.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்க, கட்டுமானத்தை நின்று பார்க்கும் அம்மாக்களும் மனைவிமார்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து எங்கேனும் சோதித்துவிடுங்கள். எங்களிடம் வந்தால் பணம் வாங்குவதில்லை.

சென்ற வாரம் அப்படி ஒரு பாட்டில் வந்தது. கொண்டுவந்தவர், அன்று ஆட்டுக்கல் மேல் பத்தை விழுந்ததே, அந்த வீட்டின் மூத்த மகன். தங்கைக்கு வீடு கட்டுகிறார். சோதனைக் குழாயில் ஊற்றி, உப்பைக் காட்டிக்கொடுக்கும் வெள்ளி நைட்ரேட் சில சொட்டு விட்டேன். தண்ணீர் பாலாகத் திரண்டது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். லாரித் தண்ணீருக்குச் சொல்லியிருக்கிறோம். வரும் புதன்கிழமை விடிகாலை தளம் போடுகிறோம்.

வணக்கம்.