பாடிக் கறந்த மாடு

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இரண்டு கல்யாண வீடுகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, மைக் செட்டை வாடகை வாங்காமல் தந்த பந்தல்கடை அண்ணாச்சி அவர்களே, வாசகர் வட்டத் தோழர்களே, பாயில் உட்கார்ந்து இப்போதே நெளிய ஆரம்பித்துவிட்ட பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய இந்தப் பொன்னாடை போன வருடம் நான் இன்னொருவருக்குப் போர்த்தியது என்று நினைக்கிறேன். ஓரத்தில் அதே காப்பிக் கறை இருக்கிறது. பரவாயில்லை, ஊர்ச் சொத்து ஊரைச் சுற்றட்டும்.

ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியார் ரோபோ பொம்மைப்படம் பற்றிப் பேசுகிறாரா என்று வாசலில் ஒருவர் கேட்டார். ஆமாம் ஐயா, அதைத்தான் பேசப்போகிறேன். என் பாட்டி அடிக்கடி சொல்வாள்: ஆடுற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுற மாட்டைப் பாடிக் கறக்கணும். அந்தப் பழமொழிக்கு விண்வெளிக் கப்பலும் ராட்சத ரோபோவும் வைத்து 36 பகுதிகளில் பொழிப்புரை எழுதியவர்கள் ஜப்பான்காரர்கள். பாட்டிக்குத் தெரிந்திருந்தால் ராயல்டி கேட்டிருப்பாள்.

மூன்று விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று, கதை. இரண்டு, அதில் வரும் இயந்திரம். மூன்று, அந்தத் தொடர் அமெரிக்காவுக்குப் போய்ப் பட்ட பாடு. அப்புறம் ஒரு மனு இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தொடரின் பெயர் 'சூப்பர் டைமென்ஷன் ஃபோர்ட்ரஸ் மேக்ராஸ்'. சுருக்கமாக மேக்ராஸ். 1982 அக்டோபர் 3, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜப்பான் தொலைக்காட்சியில் தொடங்கியது. 1983 ஜூன் மாதம் முடிந்தது. இயக்குநர் நொபோரு இஷிகுரோ. இயந்திரங்களை வரைந்தவர் ஸ்டுடியோ நுவேயைச் சேர்ந்த ஷோஜி கவாமோரி, அப்போது வயது 22. பாத்திரங்களை வரைந்தவர் ஹருஹிகோ மிகிமோட்டோ. கதாநாயகிக்குக் குரல் கொடுத்துப் பாடிய மாரி ஈஜிமாவுக்கு வயது 19. நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த வயதில் எந்த கோச்சிங் சென்டரில் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

கதைப்படி 1999இல் வேற்றுக்கிரகக் கப்பல் ஒன்று பசிபிக் தீவு ஒன்றில் வந்து விழுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல். பத்து வருடம் பழுதுபார்த்து, 2009இல் திறப்பு விழா வைக்கிறார்கள். மாலை, மேடை, பேச்சு எல்லாம் நம் ஊர் மாதிரியேதான். அந்த நேரம் பார்த்து சென்ட்ராடி என்ற வேற்றுக்கிரகப் படை வந்து சேர்கிறது. கப்பலின் பெரிய பீரங்கி யாரும் தொடாமலேயே தானாக வெடிக்கிறது. பழைய சொந்தக்காரர்கள் எதிரிக்கு வைத்துவிட்டுப் போன பொறி அது. மனிதர்கள் கேட்காமலேயே போர் தொடங்கிவிட்டது. தப்பித்து நிலாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாம் என்று தாவினால், தீவையும் அதன் ஊரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு புளூட்டோ பக்கத்தில் போய் விழுகிறார்கள். ஊர்க்காரர்களை அள்ளிக் கப்பலுக்குள் ஏற்றி, உள்ளேயே தெருவும் கடையுமாக ஓர் ஊரைக் கட்டிக்கொண்டு பூமிக்குத் திரும்பிப் பயணம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று. பீரங்கியைச் சுட வேண்டுமென்றால் கப்பலே உருமாற வேண்டும். உருமாறினால் உள்ளே இருக்கும் தெருக்கள் பிளந்து, கடைகள் சரிந்து, சாமான்கள் உருளும். ஒவ்வொரு முறை பாதுகாப்புக்காகச் சுடும்போதும் சொந்த ஊரே உடைகிறது. நகர்மன்ற உறுப்பினர் அம்மா சிரிக்கிறார்கள், குடிநீர்க் குழாய்க்குத் தெருவைத் தோண்டிய ஞாபகம் வந்திருக்கும்.

சரி, சென்ட்ராடிகள் யார்? முப்பது அடி உயர ராட்சதர்கள். போருக்காகவே உருவாக்கப்பட்டவர்கள். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக. பாட்டு தெரியாது, கதை தெரியாது, முத்தம் தெரியாது. தங்கள் கப்பல் பழுதானால் சரிசெய்யவும் தெரியாது. சண்டை ஒன்றுதான் சிலபஸ். மனிதர்களை வேவு பார்க்க மூன்று பேரின் உடலைச் சுருக்கி உள்ளே அனுப்புகிறார்கள். அங்கே சீன உணவகக்காரரின் உறவுக்காரப் பெண், நம் கதாநாயகி லின் மின்மே பாடிக்கொண்டிருக்கிறாள். ஒற்றர்கள் வந்த வேலையை மறந்தார்கள். ராணுவ ரகசியத்தோடு மின்மே பொம்மையையும் எடுத்துக்கொண்டு போய்ப் படை முழுக்கப் பைத்தியத்தைப் பரப்பினார்கள். எதைக் கண்டு அதிர்ந்தாலும் 'டெகல்ச்சா' என்று கத்துவார்கள். கல்ச்சர் என்ற சொல் உள்ளே ஒளிந்திருப்பது காதில் விழுகிறதா?

பெண்கள் படையில் மிலியா என்று ஒரு வீராங்கனை. மாக்ஸ் என்ற கண்ணாடி போட்ட விமானியிடம் வானில் தோற்றாள். அவனைத் தேடி உடலைச் சுருக்கிக்கொண்டு ஊருக்குள் வந்தாள். வீடியோ கேம் கடையிலும் தோற்றாள். பூங்காவுக்கு வரச்சொல்லிக் கத்தியை எடுத்தாள், அதிலும் தோற்றாள். அவன் அதே இடத்தில் 'என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா' என்று கேட்டான். 25ஆம் பகுதியில் கல்யாணம். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், இங்கே தம்பதிகள் நிறைய இருக்கிறார்கள்.

இரண்டாவது விஷயம், இயந்திரம். அதைச் சொல்ல ஒரு கதை சொல்ல வேண்டும்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், எட்டாம் வகுப்பில் ஒரு பையன். கடைசி பெஞ்ச். கணக்கு ஆசிரியர் அவன் காதைப் பிடித்து என்னிடம் இழுத்து வந்தார். "சார், இயற்கணித நோட்டில் கோழி வரைஞ்சிருக்கான்." பார்த்தேன். மேலே போர் விமானம், கீழே இரண்டு கால், முழங்கால் பின்பக்கமாக மடங்கியிருக்கிறது. நானும் கோழி என்றுதான் சொன்னேன். பையனுக்குக் கோபம் வந்துவிட்டது. "சார், இது கோழி இல்ல, காவோக். பாதி விமானம், பாதி ரோபோ. மேக்ராஸ்ல வர்ற வால்கிரி விமானம் மூணு மாதிரி மாறும்." வளைகுடாவில் இருந்த மாமா கொண்டுவந்த சிடியில் பார்த்தானாம்.

"மாறும்னா மாத்திக் காட்டு" என்றேன், சும்மாதான் சொன்னேன். மறுநாள் கல்யாணப் பத்திரிகை அட்டை, சட்டைப் பொத்தான், நூல், வீட்டில் திருடிய ஊசி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். முதல் மாடல் இறக்கையோடு கிழிந்தது. இரண்டாவது நின்றது, ஆனால் மடங்கவில்லை. மூன்றாவதில் கால் இரண்டும் ஒன்றோடு ஒன்று முட்டின. அன்றைக்குப் பார்த்து கணக்கு ஆசிரியர் வந்து "போர்ஷன் முடிக்கணும், டிராயிங் பீரியடைக் கொடுங்க" என்றார். கொடுத்துவிட்டு, படத்தாள் அடுக்கும் சாக்கில் பின்னால் நின்றேன். அவர் பையன் கையில் இருந்த அட்டையைப் பிடுங்கினார். கிழிப்பார் என்று நினைத்தேன். திருப்பிப் பார்த்தார். "கீல் தப்பான இடத்துல இருக்குடா" என்றார். "இங்கே வெச்சா எத்தனை டிகிரி திரும்பும்?" என்று கரும்பலகையில் போட்டார். அப்போது பையன் சொன்னான், "சார், கால் வேற எஞ்சின் வேற இல்ல. எஞ்சின்தான் கால். புகை வர்ற வாய்தான் பாதம். கை ரெண்டும் வயித்துக்கு அடியில மடிஞ்சு கிடக்கும்." வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. மணி அடித்தது. இயற்கணிதம் ஒரு வரி நடக்கவில்லை, விமானம் எழுந்து நின்றது. என் முப்பத்தோரு வருட சர்வீசில் கடன் வாங்கிய பீரியடில் ஓவியம் நடத்திய கணக்கு ஆசிரியர் அவர் ஒருவர்தான்.

பையன் சொன்னது அத்தனையும் உண்மை. அமெரிக்காவின் எஃப்-14 விமானத்தைப் போன்ற உருவத்தை எடுத்து, ஒரு பாகத்தையும் கழற்றி எறியாமல் மனித உருவமாக நிற்கவைத்தார் கவாமோரி. பொம்மையாகவும் அது அப்படியே மடங்கியது. டகடோகு நிறுவனத்தின் அந்தப் பொம்மையைத்தான் பிறகு அமெரிக்கப் பொம்மைக் கம்பெனி ஹாஸ்ப்ரோ தன் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் ஜெட்ஃபயர் என்று விற்றது. கவாமோரி இப்போதும் லெகோ கட்டைகளை அடுக்கி உருமாற்றத்தைச் சரிபார்ப்பவர். அதாவது, விளையாடுகிறவர்.

தலைவர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். 'ஐந்து நிமிடம்' என்று எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறார். அவர் தலைமையாசிரியராக இருந்தபோதும் இப்படித்தான், இரண்டு கோடு போட்டால் சம்பளப் பிடித்தம். இன்னும் ஒரு கோடுதான் இருக்கிறது, தொடர்கிறேன்.

27ஆம் பகுதிக்கு வருவோம். சென்ட்ராடிகளின் தலைமைத் தளபதி போடோல்சா, பாட்டு தொற்றிய தன் படையையும் சேர்த்து அழிக்க, லட்சக்கணக்கான கப்பல்களோடு வருகிறான். பூமியின் மேல்பரப்பு எரிந்து போகிறது. இதை மறைத்துவிட்டு 'பாட்டு ஜெயித்தது' என்று நான் சொல்லக் கூடாது. எரிந்ததற்குப் பிறகும் மின்மே பாடுகிறாள். மாற்றான் படைக்கு அந்தப் பாட்டை ஒளிபரப்புகிறார்கள், திரையில் முத்தத்தைக் காட்டுகிறார்கள். ராட்சதர்கள் திகைத்து நிற்கும் அந்தச் சில நிமிடத்தில், மனம் மாறிய சென்ட்ராடிகளும் மனிதர்களும் சேர்ந்து உள்ளே புகுந்து போடோல்சாவை முடிக்கிறார்கள். பீரங்கியால் ஆடிப் பார்த்தார்கள், கறக்கவில்லை. பாடுற மாட்டைப் பாடித்தான் கறந்தார்கள். அதற்கப்புறம் ஒன்பது பகுதிகள் உண்டு. சண்டை இல்லாமல் வாழத் தெரியாத சென்ட்ராடிகள் தொழிற்சாலையிலும் தெருவிலும் தவிக்கும் பகுதிகள். பலருக்கு அவை பிடிப்பதில்லை. எனக்கு அவைதான் பிடிக்கும், ஏனென்றால் அந்த முகங்களை ஏப்ரல் மாதம் பொதுத்தேர்வு முடிந்த வாசலில் நான் பார்த்திருக்கிறேன்.

பாட்டு பீரியட் இல்லை, ஓவிய பீரியட் அட்டவணையில் மட்டும் இருக்கிறது. பழுதானால் சரிசெய்யத் தெரியாத வீரர்களைத்தான் நாமும் தயார் செய்கிறோம். என் பாட்டி மாட்டுக்குக் கொடுத்த மரியாதையைப் பிள்ளைக்குக் கொடுங்கள் என்கிறேன்.

மூன்றாவது விஷயம், 1985இல் அமெரிக்காவில் மேக்ராஸையும் அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு இரண்டு தொடர்களையும் ஒட்டித் தைத்து 'ரோபோடெக்' என்று 85 பகுதிகளாக ஓட்டியது, உரிமைத் தகராறு 2021 வரை இழுத்தது… மைக் அண்ணாச்சி ஒயரைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டார். அடுத்த வருடம் கூப்பிட்டால் வருகிறேன்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. வாரம் இரண்டு ஓவிய பீரியட், இரண்டு பாட்டு பீரியட், யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான் வாசகம். நகர்மன்ற உறுப்பினர் அம்மா முதல் கையெழுத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், இப்போதுதான் தலையாட்டினார்கள், எல்லோரும் பார்த்தீர்கள். பேனா என்னுடையது, தயவுசெய்து மேசையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.