கம்பளியை மிதித்தவர்களின் மூன்று பெயர்கள்

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கிண்ணத்தில் இருப்பது தெரிகிறதா? முல்தானி மிட்டி. முகத்தில் பூசுகிறோமே, அதேதான். ஆங்கிலத்தில் இதற்கு ஃபுல்லர்ஸ் எர்த் என்று பெயர். யார் அந்த ஃபுல்லர் என்று தேடப் போய்த்தான் இன்றைய விஷயம் கிடைத்தது.

தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணி நெகிழ்வாக, பிசுக்கோடு இருக்கும். இடைக்கால இங்கிலாந்தில் அதை ஒரு தொட்டியில் போட்டு மணிக்கணக்கில் காலால் மிதிப்பார்கள். தொட்டியில் ஊற்றியது நாள்பட்ட சிறுநீர். அதிலிருக்கும் அம்மோனியா பிசுக்கை எடுக்கும், மிச்சத்தை இந்த மண் உறிஞ்சிக்கொள்ளும். மிதிக்க மிதிக்க இழைகள் ஒன்றோடொன்று சிக்கி, துணி சுருங்கிக் கெட்டியாகும். ஸ்வெட்டரை வெந்நீரில் அலசிச் சுருக்கியவர்களுக்குச் சட்டென்று புரியும். அந்த வாடையில் நாள் முழுக்க நின்றவர்களை நினைத்தால் எனக்கு மனசு என்னவோ செய்கிறது.

அவர்களைக் கிழக்கிலும் தென்கிழக்கிலும் ஃபுல்லர் என்றார்கள். தென்மேற்கே டெவன் பக்கம் போனால் டக்கர். வடக்கே வாக்கர். ஆமாம், வாக்கர் என்ற பெயர் வந்தது இந்த மிதியிலிருந்துதான்! டக்கருக்கு மூலமான பழைய ஆங்கிலச் சொல்லுக்கு 'வதைப்பது' என்று பொருள். அந்தத் துணி பட்ட பாட்டுக்குச் சரியான சொல். டெவனின் எக்ஸிடர் நகரில் 1471-இல் கட்டிய டக்கர்ஸ் ஹால், அவர்களுடைய தொழிற்சங்கக் கூடம், இன்றும் நிற்கிறது.

12-ஆம் நூற்றாண்டு முதல், நீர்ச்சக்கரத்தில் ஓடும் மரச் சம்மட்டிகள் மிதிக்கும் வேலையை மெல்ல எடுத்துக்கொண்டன. பெயர் மட்டும் போகவில்லை. 1400 வாக்கில் அப்பாவின் குடும்பப் பெயரே பிள்ளைக்கும் என்பது இங்கிலாந்தின் பெரும்பகுதியில் வழக்கமாகியிருந்தது. கம்பளியைத் தொட்டே பார்க்காத பேரனும் வாக்கர்தான்.

அப்புறம் கப்பல் ஏறியது. 1620-இல் மேஃப்ளவர் என்ற கப்பலில் அமெரிக்கா போனவர்களில் எட்வர்ட் ஃபுல்லர், சாமுவேல் ஃபுல்லர் என்ற அண்ணன் தம்பி இருவர். ஊர் நார்ஃபோக். பார்த்தீர்களா, ஃபுல்லர் என்ற சொல் புழங்கிய அதே கிழக்குப் பகுதி!

வாக்கர் போன பாதை வேறு. 1867-இல் அமெரிக்காவின் லூசியானாவில், முன்பு அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தார் சாரா ப்ரீட்லவ். சார்ல்ஸ் ஜோசப் வாக்கரை மணந்து, கூந்தல் பராமரிப்புப் பொருள்களை மேடம் சி. ஜே. வாக்கர் என்ற பெயரில் விற்றார். வட இங்கிலாந்தின் தொட்டியில் பிறந்த அந்தச் சொல், கறுப்பினப் பெண்கள் நம்பி வாங்கிய டப்பாவின் மேல் அச்சாகியிருந்தது.