அரூர் மாலிப்டினம்: தோண்டும் முன் தண்ணீர்க் கணக்கைச் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. தர்மபுரி மாவட்டம் அரூர் தீர்த்தமலைச் சாலையோரம் நின்று பேசுகிறேன். லாரிச் சத்தம் குறுக்கிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கல்லைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். வெங்கச்சங்கல்லுக்கு நடுவே ஈய நிறத்தில் செதில் செதிலாக மின்னுகிறதே, அதுதான் மாலிப்டினத் தாது. நகத்தால் சுரண்டினாலே பொடி விரலில் ஒட்டிக்கொள்கிறது, பாருங்கள். இத்தனை மென்மையான தாதுவிலிருந்து எடுக்கும் உலோகத்தை எஃகில் கொஞ்சம் சேர்த்தால் போதும், எஃகின் வலு கூடிவிடும். காற்றாலைப் பாகங்களுக்கு அந்த எஃகு வேண்டும். மத்திய அரசு 2023இல் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் இதுவும் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் முதல் சுற்று ஏலத்துக்கு வந்த 20 கனிமத் தொகுதிகளில் நம் அரூர், ஊத்தங்கரை வட்டாரத்து மாலிப்டினமும் இருந்தது.

சுரங்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் தயாராகிறது. அதற்கான உலோகத்தை மட்டும் வேறு ஊர் மண்ணில் தோண்டட்டும் என்பது நியாயமில்லை.

ஆனால் தண்ணீர்? உலகில் பல சுரங்கங்களில் ஒரு டன் பாறையை உடைத்தால் ஒன்றிரண்டு கிலோ மாலிப்டினம்தான் தேறும். பாறையை மாவாக அரைத்து, தண்ணீரில் கலந்து நுரை எழுப்பி, நுரையோடு தாதுவை வழித்தெடுப்பார்கள். மீதி அத்தனையும் கழிவுச் சேறு. அது தேங்கும் குட்டை கசிந்து புல்லில் மாலிப்டினம் ஏறினால், மேயும் மாட்டின் உடலில் தாமிரச் சத்து குறையும். கழிச்சல் கண்டு மாடு மெலியும், பால் வற்றும். கறவை மாட்டை நம்பிக் குடும்பம் நடத்தும் ஊர்களில் இதைச் சொல்லாமல் விடலாமா? நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல் கறைபட்ட மாவட்டம் இது. அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது!

2025 செப்டம்பரில் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு அளித்துவிட்டது. தமிழ்நாடு அரசு எதிர்த்தது. எனக்கும் இதில் கடும் கோபம். தன் கிணற்றைப் பற்றிப் பேச ஊராருக்கு உரிமை இல்லையா?

மார்ச் 22, தண்ணீர் தினக் கிராம சபையில் கேளுங்கள்: தாதுவைப் பிரிக்கும் ஆலைக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும், சேற்றுக் குட்டை யார் நிலத்தில் அமையும், சுரங்கம் மூடிய பிறகு அதை யார் காப்பார்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, ஒரு நகல் வாங்கி வையுங்கள்.