இந்திய வேடத்துக்கு இந்தியர் கிடைக்கவில்லையா?

அடுத்த கேள்வி. "பழைய ஹாலிவுட் சாகசப் படங்களில் இந்தியராக வருகிறவர்கள் முகத்தில் சாயம் பூசிய வெள்ளைக்காரர்களாகவே இருக்கிறார்களே, அந்தக் காலத்தில் அங்கே இந்திய நடிகர்கள் கிடைக்கவில்லையா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

சாயம் பூசியது உண்மைதான். 1939-இல் வந்த 'கங்கா தின்' படத்தைப் பாருங்கள். கதை நடப்பது இந்தியாவின் வடமேற்கு எல்லையில், எடுத்தது கலிஃபோர்னியாவில் லோன் பைன் பாறைகளுக்கு நடுவே. பிரிட்டிஷ் படைக்குத் தண்ணீர் சுமக்கும் கங்கா தின்னாக நடித்த சாம் ஜாஃபி, நியூயார்க்கில் பிறந்தவர். வயதும் ஐம்பதை நெருங்கிவிட்டது. தக்கர் என்ற கொலைகாரக் கொள்ளைக் கூட்டத்தின் குருவாக வருபவர் எடுவார்டோ சியானெல்லி என்ற இத்தாலிக்காரர்.

ஆனால் ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் இடிக்கிறது. சாபு இருந்தாரே! மைசூர் சமஸ்தானத்து யானைப்பாகன் மகன். 1937-இல் 'எலிஃபன்ட் பாய்' படத்தில் அறிமுகமாகி உலகம் முழுக்கத் தெரிந்த முகமாகிவிட்டார். கங்கா தின் வேடத்துக்கு முதலில் நினைத்ததும் அவரைத்தான் என்பார்கள். மற்றபடி இந்தியர்கள் அங்கே குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் காரணம் உண்டு: இந்தியர்கள் குடியேறுவதை அமெரிக்கா 1917-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது.

சரி, சாபுவுக்கு என்ன வேடம் கொடுத்தார்கள்? 1942-இல் யுனிவர்சல் ஸ்டூடியோ எடுத்த 'அரேபியன் நைட்ஸ்' படத்தில் கலீஃபாவாக ஜான் ஹால், ஷெரசாத்தாக மரியா மாண்டெஸ். காதல் அவர்களுக்கு. சாபு குட்டிக்கரணம் போடுகிற தோழன். இதே மூன்று பேரும் 'கோப்ரா வுமன்' படத்திலும் வருகிறார்கள். அங்கேயும் ஹாலுக்குத்தான் ஜோடி, சாபுவுக்குத் துணையாக ஒரு சிம்பன்சி! அந்தக் கால ஹாலிவுட் தணிக்கை விதிகளில், வெள்ளையரும் கறுப்பரும் காதலிப்பதைக் காட்டக்கூடாது என்று எழுதியே வைத்திருந்தார்கள். நடைமுறையில் ஆசியர்களையும் அதே கண்ணோடுதான் பார்த்தார்கள். கதாநாயகி வெள்ளை முகமாக இருக்கும்வரை, இந்தியர் எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் அவளுக்கு ஜோடியாக முடியாது. என்னைக் கேட்டால், சாயம் பூசியதைவிட இதுதான் பெரிய அநியாயம். சாயம் கண்ணுக்குத் தெரிகிறது, சிரித்துவிட்டுப் போகலாம். இது கதைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது.

சிறுவனாக இருந்தவரை சாபுவுக்குச் சிக்கல் இல்லை. 1942-இல் 'ஜங்கிள் புக்' படத்தில் காட்டில் வளரும் சிறுவன் மௌக்லியாகப் படத்தையே தாங்கினார். அப்புறம் 1944-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, விமானப்படையில் துப்பாக்கி வீரராகப் போரிட்டு, பதக்கமும் வாங்கினார். திரும்பி வந்தபோது வளர்ந்த ஆள். வளர்ந்த இந்தியருக்கு அந்தப் படங்களில் என்ன வேலை? வாய்ப்புகள் தேய்ந்தன. 1963-இல், 39 வயதில், மாரடைப்பில் இறந்தார். அடுத்த வருஷம் வெளியான அவருடைய கடைசிப் படத்திலும் புலியைப் பார்த்துக்கொள்ளும் வேடம்தான்.