படிப்புக்கு வரி வேண்டாம்
(இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நடந்த பெற்றோர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெற்றோரே, என்னோடு வெண்கட்டி பிடித்த ஆசிரிய நண்பர்களே, வணக்கம்.

முப்பத்தோரு வருடம் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன் நான். என் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். இலவசக் கல்வி இல்லாவிட்டால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவை விட்டு நான் வெளியே வந்திருக்க மாட்டேன். அப்படிப்பட்டவன், தனியார் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு வரி போடக்கூடாது என்று பேச வந்திருக்கிறேன். "மாஸ்டர், உங்களுக்கு இதில் என்ன?" என்று வாசலில் ஒருவர் கேட்டார். சொல்கிறேன்.

பிரித்தானியாவில் 2025 ஜனவரி 1 முதல் தனியார் பாடசாலைக் கட்டணத்துக்கு 20 சதவீதம் பெறுமதி சேர் வரி. அந்தப் பணத்தில் அரச பாடசாலைகளுக்கு 6,500 ஆசிரியர்களை எடுப்போம் என்கிறது அந்த அரசாங்கம். அதைப் படித்துவிட்டு, இங்கேயும் போட்டால் என்ன, பணக்காரப் பிள்ளைகள்தானே அங்கே படிக்கிறார்கள் என்று நம்மவர்களே கேட்கிறார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். இங்கே இன்று அப்படி ஒரு வரி இல்லை. 2024 ஜனவரியில் வற் என்கிற இந்தப் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக ஏறியபோது எத்தனையோ பொருட்களுக்கு இருந்த விலக்கு போய்விட்டது. கல்விச் சேவை தப்பியது. தப்பியதை யாரும் தொடக்கூடாது.

எங்கள் பக்கத்து லயத்தில் ஒரு தங்கச்சி கொழுந்து எடுக்கிறாள். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். மகள் டவுனில் கட்டணம் வாங்கும் ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. ஒருநாள் இரவு என்னிடம் ஒரு கடிதம் எழுதித் தரக் கேட்டு வந்தாள். கட்டண அட்டையை முந்தானைக்குள்ளிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். மாதத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு முத்திரை. மார்ச் கட்டத்தில் முத்திரை இல்லை. பென்சிலால் ஒரு கேள்விக்குறி. கட்டணம் கட்ட வேண்டியது ஐந்தாம் திகதி. தோட்டத்தில் சம்பளம் பத்தாந் திகதி. அந்த ஐந்து நாளுக்குப் பொறுக்கச் சொல்லி அதிபருக்கு ஒரு கடிதம், அவ்வளவுதான் அவள் கேட்டது. எழுதும்போது என் கை கூசியது. ஏன் தெரியுமா? அந்தப் பிள்ளை முதலில் படித்த அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் ரீச்சர் இடமாற்றத்தில் போய், ஒரு தவணை முழுக்க அந்தப் பாடத்துக்கு ஆளே வரவில்லை. நாங்கள் கொடுக்கத் தவறியதை அவள் காசு கொடுத்து வாங்குகிறாள்.

இவளா பணக்காரி?

கணக்குப் பார்ப்போம். கட்டணம் 10,000 ரூபாய் என்று வையுங்கள். 18 சதவீதம் வரி வந்தால் 1,800 ரூபாய் கூடுகிறது. 2024இல் தோட்டத்துக்கு நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். சொன்ன கிலோவுக்குக் கொழுந்து எடுத்து, முழுப் பேர் விழுந்தாலும், அதாவது ஒரு நாள் சம்பளம் முழுதாகக் கிடைத்தாலும், அந்த வரிக்குக் காணாது. மாதா மாதம் இது. கொழும்பில் கார் வைத்திருக்கும் தகப்பனுக்கும் இவளுக்கும் ஒரே வீதம். வசதியுள்ளவரிடம் எடுக்க வேண்டுமென்றால் வருமான வரி இருக்கிறதே, அங்கே எடுக்கட்டும். இந்த வரி வந்தால் இவள் பிள்ளையை இடையில் நிறுத்தித் திரும்பவும் அதே ஆளில்லாத வகுப்பில்தான் கொண்டுவந்து விடுவாள்.

"சின்னப் பள்ளிக்கூடங்களுக்கு இது வராது மாஸ்டர், எல்லை இருக்கிறது" என்பார்கள். இருக்கிறதுதான். வருடத்துக்கு 8 கோடி ரூபாய் புரண்டால்தான் வற் வரிக்குப் பதிய வேண்டும் என்றிருந்தது, 2024இல் 6 கோடியாக இறங்கியது. இறங்கத் தொடங்கிய எல்லை அதோடு நிற்கும் என்று யார் பொறுப்பெடுப்பது?

"அந்தப் பள்ளிக்கூடங்கள் கம்பனிகள்தானே" என்றும் ஒரு பேச்சு. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு எடுத்தது. புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்கும் வழியும் அதோடு அடைபட்டது. பிறகு வந்தவை கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்துகொண்டதற்கு அதுதான் காரணம். பதிவுப் புத்தகத்தில் கம்பனி என்று இருப்பதற்காக, வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் பிள்ளை சரக்கு ஆகிவிடுமா?

வரிப்பணம் நம் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வருமென்று நம்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வரி எல்லாம் திரட்டு நிதி என்கிற அரசின் பொதுக் கணக்கில் போய்ச் சேரும். அதில் இது ஹட்டனுக்கு, இது பொகவந்தலாவைக்கு என்று பெயர் எழுதியிருக்காது. நாட்டுக்கு இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசு பொறுப்பெடுக்க 1970கள் ஆயிற்று. அதுவரை ஒரே கூரையின் கீழ் ஐந்து வகுப்பும் ஒரு வாத்தியாரும். இவ்வளவு காலம் பிந்தி வந்த அரசு, அந்த இடைவெளியைத் தாண்ட ஒரு தாய் சொந்தக் காசில் போடும் பலகைக்குச் சுங்கம் கேட்கக்கூடாது.

கிரேக்கத்தில் 2015இல் தனியார் கல்விக்கு 23 சதவீதம் வரி கொண்டுவந்தார்கள். பெற்றோர் எதிர்த்தார்கள். சில மாதத்தில் கைவிட்டார்கள். நாங்கள் வருமுன் எதிர்ப்போம்.

மகஜர் மேசையில் இருக்கிறது. இரண்டே கோரிக்கைதான்: கல்விச் சேவைக்கான வரி விலக்கைச் சட்டத்தில் அப்படியே வைக்க வேண்டும், மலையகப் பாடசாலைகளில் வெற்றிடமாக இருக்கும் இங்கிலீஷ், கணித, விஞ்ஞான ஆசிரியர் இடங்களை நிரப்ப வேண்டும். கடிதம் எழுதக் கேட்டு வந்த தங்கச்சி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். முதல் கையெழுத்து அவளுடையது. வாம்மா.