ஞானப்பெற்றோர்: உறவின் உரிமையா, விசுவாசத்தின் பொறுப்பா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். திருமுழுக்கின்போது, அதாவது ஞானஸ்நானத்தின்போது, குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்களே ஞானப்பெற்றோர். ஞானத்தந்தை இடம் தாய்மாமனுக்கும் ஞானத்தாய் இடம் அத்தைக்கும் உரியவை என்றும், வெளியாள் ஒருவர் நாளடைவில் விலகிப்போவார் என்றும் எதிரணித் தலைவர் வாதிட்டார். உறவினர் ஞானப்பெற்றோர் ஆகலாகாது என்று நாங்கள் சொல்லவில்லை. உறவு என்ற ஒரே தகுதியால் ஆகலாகாது என்கிறோம்.

1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 874ஆம் எண், பொதுவாக 16 வயது நிறைந்து, நற்கருணையும், விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கான உறுதிபூசுதலும் பெற்று, ஏற்கும் பொறுப்புக்கு ஏற்ற விசுவாச வாழ்வு நடத்தும் கத்தோலிக்கரையே கேட்கிறது. குருதி உறவைப் பற்றி அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: குழந்தையைப் பெற்ற தாயும் தந்தையும் அந்த இடத்தில் நிற்கக் கூடாது!

இன்னும் நுட்பமானது 872ஆம் எண். ஞானப்பெற்றோர் 'இயன்றவரை' இருக்க வேண்டும் என்றே அது கூறுகிறது. அவர்கள் இல்லாமல் அளித்த திருமுழுக்கும் செல்லும். அப்படியானால், திருமுழுக்குத் தொட்டியருகே ஒருவரை ஏன் நிறுத்துகிறோம்? குழந்தை திருமுழுக்குக்கு ஏற்ற வாழ்வு வாழவும் அதன் கடமைகளை நிறைவேற்றவும் துணைநிற்பதற்காக என்று அதே சட்டம் விடை தருகிறது. ஆகவே அவருடைய வேலை அன்றைக்கு முடிவதன்று, அன்றைக்குத்தான் தொடங்குகிறது. ஞானப்பெற்றோர் குழந்தைக்குச் சங்கிலி போடுவதை நான் தடுக்கவில்லை. போடுங்கள், கனமாகவே போடுங்கள். ஆனால் அது சட்டத்தில் இல்லை.

ஏறத்தாழ 200ஆம் ஆண்டில், வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜ் நகரத்துத் தொடக்ககாலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் குழந்தைகளின் திருமுழுக்கைத் தள்ளிப்போடச் சொன்னபோது காட்டிய காரணங்களுள் ஒன்று, பொறுப்பேற்றவர்கள் வாக்கை நிறைவேற்றுமுன் இறந்துபோகலாம், அல்லது பிள்ளை தீய வழியில் வளர்ந்து அவர்களை ஏமாற்றலாம் என்பது. அவர் முடிவைத் திருச்சபை ஏற்கவில்லை. ஆனால் பிள்ளையின் பிற்கால நடத்தைக்கும் பதில் சொல்ல வேண்டியவராக அவர் ஞானப்பெற்றோரைக் கண்டார் என்பதைக் கவனியுங்கள்.

இத்தாலியின் கத்தானியா மறைமாவட்டம் 2021இல் ஞானப்பெற்றோர் வழக்கத்தையே மூன்றாண்டுகளுக்கு நிறுத்தியதை எதிரணியினர் எடுத்துக்காட்டினர். அது எங்களுக்கே சாட்சி. செல்வாக்குள்ளவரோடு உறவைப் பிணைத்துக்கொள்ளும் வழியாக அந்த இடம் பயன்பட்டு, விசுவாசப் பொருளை இழந்துவிட்டது என்பதே அங்கே எழுந்த கவலை.

வெளியாள் விலகிப்போவார் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் தவறாமல் வரும் மாமன், பிள்ளை மறைக்கல்வி வகுப்பை விட்டு நின்றதை அறியாமலே இருப்பாரானால், அந்த நெருக்கத்தால் விசுவாசத்துக்கு என்ன பயன்? உறுதிபூசுதலின்போதும் அதே ஞானப்பெற்றோர் துணைநிற்பது விரும்பத்தக்கது என்று 893ஆம் எண் சொல்கிறது. அன்று பிள்ளையின் தோளில் கைவைத்து நிற்கும் மாமன், இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தப் பிள்ளையோடு ஒருமுறையேனும் இறைவேண்டல் பற்றிப் பேசியிருக்கிறாரா? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்கு விடையளிக்கட்டும்.